கடைசி லோடு

பக்கத்து வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனபோது இரண்டு படி ஏறிப் போனேன். கடைசியாகப் போனபோது நான்கு படி இறங்கிப் போனேன். நடுவில் இருபத்தாறு வருடம். அந்த வீடு ஒரு அங்குலம்கூட அசையவில்லை, சத்தியம் செய்து சொல்வேன். அசைந்ததெல்லாம் நாங்கள்தான்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், காகிதத்தில் நிறையவே இருக்கிறது. முப்பத்தொரு வருடம் புவியியல் டீச்சராக இருந்தவள் நான். பள்ளி திறந்ததும் முதல் பாடம் மனிதப் புவியியல். மனிதர்கள் தாங்கள் வாழும் இடத்தை எவ்வாறு மாற்றியமைக்கிறார்கள் என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று உண்டு. அணை, சுரங்கம், துறைமுகம், காட்டை அழித்து வயலாக்குதல், நகரம். ஐந்து எழுதினால் ஐந்து மதிப்பெண். தெருவுக்குத் தார் போடுதல் என்று ஒரு பிள்ளைகூட எழுதியதில்லை. எழுதியிருந்தால் நானே சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ரோடு ரோலர் ஓட்டுகிறவர். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ரோலர் அண்ணன். இஞ்சின் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் எதையும் உரக்கத்தான் சொல்வார். ரகசியம் பேச ஆசைப்பட்டவர்கள் அவரிடம் போக மாட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு கேக்க ரோலர்லதான் போகணும். நான் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு ரெண்டு புள்ள பொறந்துடும்" என்பார். அதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

உண்மைக் காரணம் உள்ளே தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவருடைய தங்கை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தபின் அவருக்கு அவள், அவளுக்கு அவர். நாற்பது வயதிலும் அவளுக்குப் பெயர் பாப்பாதான். நாலு வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பி கட்டிய பூட்ஸ், வலது கக்கத்தில் ஒரு ஊன்றுகோல். பள்ளிச் சீருடை, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் தைப்பாள். தையல் நேராக இருக்கும், வாய் மட்டும் கொஞ்சம் கோணல். "டீச்சர், போன மாசத்துக்கு இந்த மாசம் இடுப்புல ஒரு இஞ்ச் ஏறியிருக்கீங்க. உங்க பூகோளம் பெருசாயிட்டே போகுது" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொல்வாள்.

எங்கள் தெரு ஒரு காலத்தில் தெருவே இல்லை. மழைத் தண்ணீர் ஏரிக்குப் போகிற பள்ளம். அதை மேடாக்கி, மனை போட்டு விற்றார்கள், நாங்களும் வாங்கி வீடு கட்டிக்கொண்டோம். தண்ணீருக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அது பழைய ஞாபகத்தில் வந்துவிடும்.

நான் குடி வந்தபோது தெரு முழுக்க மண். மழை பெய்தால் சேறு. பாப்பாவின் ஊன்றுகோல் சேற்றில் முழங்கை ஆழத்துக்கு இறங்கும். பிடுங்கினால் அவள் விழுவாள், பிடுங்காவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதனால் தைத்த துணிகளைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் அண்ணன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு பெரிய சாலை வரை நடப்பார். அவளுக்கு அது அறவே பிடிக்காது. "இறக்குண்ணே, நான் என்ன சிமென்ட் மூட்டையா?" என்று அவர் காதருகில் கத்துவாள். பகல் முழுக்க அடுத்தவர் தெருக்களை வழுவழுவென்று உருட்டிவிட்டு, பொழுது சாயும்போது தங்கையை முதுகில் சுமந்து சேற்றில் நடக்கிற மனிதர். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. பாப்பா யார் தயவும் இல்லாமல் வாசலைத் தாண்டிப் போய்வர வேண்டும். இந்தக் கதை அவ்வளவுதான்.

தார் ரோடு கேட்டு மனு எழுதியது நான். மழைக்காலங்களில் பெண்களும் குழந்தைகளும் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகின்றனர் என்று ஆரம்பித்து மூன்று பக்கம். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். ரோலர் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு நாலு வருடம் ஆபீஸ் படி ஏறி இறங்கினார். ஐந்தாவது வருடம் ஜல்லி வந்து இறங்கியது.

தார் போடும் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தார்க் கலவை கொதிக்கக் கொதிக்க லாரியில் வரும். கொட்டி, பரப்பி, சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும். ஆறினால் கல்தான். பொழுது முடியும்போது லாரியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வேலை நடக்கும் தெருவில் கூட வேலை செய்கிறவன் யாருடைய வீடாவது இருந்தால், அந்த மிச்சம் அவன் வாசலுக்குப் போகும். அவன் வாசல் மட்டும் நாலு விரல் கனமாக, மினுமினுப்பாக இருக்கும். அதற்குக் கடைசி லோடு என்று பெயர். வருகிறவர் போகிறவரெல்லாம் பார்த்து, இங்கே தார்க்காரன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வார்கள். பகலெல்லாம் முகம் கருகி நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதை அது ஒன்றுதான். அதை ஆரம்பித்து வைத்ததே ரோலர் அண்ணன்.

முதல் ரோடு போட்ட அன்று கடைசி லோடு அவர் வாசலில் விழுந்தது. மூன்று தடவை உருட்ட வேண்டிய இடத்தில் ஏழு தடவை உருட்டினார். ரோலர் சக்கரத்தில் தார் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றுவார்கள். அன்று அவர் ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதைப் போல ஊற்றினார். மாலையில், தார் இன்னும் கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே, பாப்பா வெளியே வந்துவிட்டாள். பொறுமை அவளுக்குக் கிடையாது. தனியாக, யாரையும் பிடிக்காமல், தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தாள். ஊன்றுகோலின் ரப்பர் முனை பட்ட இடமெல்லாம் வட்ட வட்டமாகக் குழி.

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "பாப்பா, இப்பத்தான போட்டோம். அதுக்குள்ள ஓட்டை போட்டுட்டியே! அண்ணே, இன்னொரு தடவை உருட்டினா மறைஞ்சிடும்."

"இருக்கட்டும்யா" என்றார் ரோலர் அண்ணன். அன்று அவர் அழுததை நான் பார்த்தேன். தார்ப்புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னார்.

இரண்டு படியில் ஒரு படி ரோட்டுக்கடியில் போனது. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? பாப்பாவுக்கு ஏறுவதற்கு ஒரு படி குறைந்தது. ஆறு வருடம் கழித்துத் தெருவின் எதிர்ஓரமாகக் குழாய் போடத் தோண்டினார்கள், மறுபடி தார் போட்டார்கள். இன்னொரு படியும் போனது. வீடும் தெருவும் ஒரே மட்டம். அடுத்து வந்த ஐந்தாறு வருடம்தான் அவள் வாழ்க்கையில் நல்ல காலம். கதவைத் தள்ளினால் தெரு. நூல் வாங்க, பொத்தான் வாங்க, சும்மா காற்று வாங்க என்று அவள் போகாத இடமில்லை. மாலையில் நானும் அவளும் பெரிய சாலை வரை நடப்போம். நான் மூச்சு வாங்குவேன், அவள் என்னைக் கேலி செய்வாள்.

அந்த நேரத்திலேயே உலகம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

விதிப்படி பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். சுரண்டும் மிஷின் ஊருக்கே ஒன்று. அது எப்போது பார்த்தாலும் பெரிய சாலையில், பெரிய மனிதர்கள் வருவதற்கு முந்தின வாரம் வேலையாக இருக்கும். எங்களைப் போன்ற தெருக்களுக்கு மேலே மேலே பூச்சுதான். தெரு உயர்ந்தது என்று நாங்கள் வீடுகளை உயர்த்தினோம். வீடுகள் உயர்ந்ததால் தண்ணீர் தெருவில் தேங்கியது. தேங்கித் தார் பெயர்ந்தது என்று மறுபடி மனு கொடுத்தோம். மறுபடி தெரு உயர்ந்தது. அந்த மனுக்கள் எல்லாமே என் கையெழுத்துதான். எழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் என்னிடமே வருவார்கள்.

மூன்றாவது ரோட்டுக்குப் பிறகு பாப்பாவின் வீட்டுக்கு ஒரு படி இறங்க வேண்டியிருந்தது. ரோலர் அண்ணன் உள்ளே செங்கல் தூள் கொட்டித் தரையை ஒரு படி உயர்த்தினார். தரை உயர்ந்ததும் கூரை தாழ்ந்தது. மின்விசிறி தலையில் இடிக்கும் போல வந்ததால் கழற்றிவிட்டார். உள்பக்கம் திறக்கும் கதவு புதுத் தரையில் இடித்தது. கதவின் அடியை அறுத்தால் போதும் என்றார் தச்சர். நல்ல மரம், அறுக்க மனசு வரவில்லை. கீலை மாற்றி, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி செய்துகொண்டார். ஊன்றுகோலால் தள்ளினாலே திறந்துகொள்கிறது, பாப்பாவுக்குச் சௌகரியம் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் பிரமாதம் என்றேன்.

நாலாவது ரோடு வந்து இரண்டு படி கீழே போனது. இனித் தரையை உயர்த்தினால் அவர் குனிந்துதான் வாழ வேண்டும். கைப்பிடிக்கு ஒரு குழாயை நட்டார். பாப்பா அதைப் பிடித்து, இரும்புக் காலைக் கையால் தூக்கித் தூக்கி வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை ஏறி வருவாள். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. அவள் மிஷின் இருந்த ஜன்னலில் முன்பு மனிதர்களின் முகம் தெரியும். அப்புறம் இடுப்பு தெரிந்தது, அப்புறம் முழங்கால். அதையும் அவள் வேடிக்கையாக்கினாள். "டீச்சர், இடது செருப்பு தேஞ்சு போச்சு. எங்கிட்ட சொல்லாம எங்கெங்கயோ நடக்கறீங்க" என்று கீழேயிருந்து குரல் வரும். நான் சிரித்துக்கொண்டே போய்விடுவேன். நின்று யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்க எனக்கு நேரமில்லை. அந்த வருடம்தான் எங்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். என் வீட்டுக்காரர் தெருவுக்கே கேட்கும்படி பெருமையடித்துக்கொண்டார். வாசலில் சாய்தளம் கட்டும்போது கொத்தனார் கேட்டார்.

"டீச்சர், தண்ணி வாட்டம் எந்தப் பக்கம் விடறது?"

"அந்தப் பக்கமே விட்டுடுங்க. இந்தப் பக்கம் மோட்டார் இருக்கு."

அந்தப் பக்கம் என்றால் ரோலர் அண்ணன் வீடு. எனக்குத் தெரியும். பூசி மெழுக வேண்டாம், நன்றாகவே தெரியும். சரிவான நிலத்தில் நீர் எந்தத் திசையில் ஓடும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள் நான். அன்று மோட்டார் நனையக் கூடாது என்பது மட்டும்தான் பெரிதாகப் பட்டது.

ஐந்தாவது ரோடு போன வருடம் வந்தது. ரோலர் அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெறும் மாதம். அவர் ஓட்டப்போகும் கடைசித் தெரு எங்கள் தெருவாகவே அமைந்தது. ஒரு மாதம் முன்பே இன்ஜினீயரிடம் போய் நின்றார். முப்பத்தெட்டு வருட வேலையில் தனக்கென்று அவர் கேட்டது அது ஒன்றுதான். "சார், எங்க தெருவுல மட்டும் பழச சுரண்டிட்டுப் போடுங்க. தங்கச்சி ஏற முடியல."

"பாத்துக்கலாம்" என்றாராம் இன்ஜினீயர். அவர் வேறு ஊருக்கு மாறிப் போனார். சுரண்டும் மிஷின் வரவில்லை. தார் லாரி வந்தது.

அன்று என் வீட்டு மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். தெருவை முடித்துவிட்டார்கள். இன்னும் ஒரு லாரி, முழு லோடோடு, பின்னோக்கி வந்து அவர் வீட்டு வாசலில் நின்றது. மேஸ்திரியும் ஆட்களும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள்.

"அண்ணே, கடைசி லோடு உங்களுது. மிச்சம் மீதி இல்ல, முழு லோடு. எங்க எல்லார் சார்பாவும்னு வெச்சுக்கங்க."

ரோலர் மேல் உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கி ஆட்டினார். "வேணாம்யா. வேணாம்."

"சும்மா இருங்கண்ணே! நீங்க எத்தனை பேர் வாசலுக்குப் போட்டிருப்பீங்க!"

அவர்களுக்கு என்ன தெரியும்? அவருடைய வீட்டுக்குள் அவர்கள் வந்து வருடக்கணக்காகிறது. மேலேயிருந்து பார்த்தால் அது ஒரு ஜன்னல், ஒரு குழாய்க் கைப்பிடி. தங்கச்சிக்காக என்று அவர் இன்ஜினீயரிடம் சொன்னாரே தவிர, இவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. லாரியின் பின்புறம் தூக்கியது. கலவை புகையோடு சரிந்து விழுந்தது. ஆட்கள் பாய்ந்து பரப்பினார்கள், நாலு விரல் கனமில்லை, ஒரு சாண் கனம்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை. கொட்டிய கலவை காத்திருக்காது. பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் வாசலில் கரடுமுரடாகக் கல் மலை ஒன்று இறுகிப்போகும். அவர் ரோலரை ஓட்டவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் பாப்பாவின் முகம் அண்ணாந்து தெரிந்தது. ரோலர்காரர் வீட்டில் வளர்ந்தவள். சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"உருட்டுண்ணே! ஆறிடப் போகுது!" என்று கத்தினாள்.

அவர் உருட்டினார். ஏழு தடவை. முடித்துவிட்டு இறங்கி வந்து, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, மேஸ்திரியைக் கட்டிக்கொண்டு அனுப்பி வைத்தார். அப்புறம் படியில் உட்கார்ந்தார். நான் இறங்கிப் போய்க் கேட்டேன்.

"ஏன்ணே, முன்கூட்டியே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படி சொல்றது டீச்சர்? அவனுங்க வீட்டு வாசலுக்கெல்லாம் நான்தான் போட்டேன். எத்தனை வீடு இந்த மாதிரி கீழ போச்சோ. ஒருத்தன்கூட எங்கிட்ட வாய் திறந்து சொல்லலையே." அவர் குரல் முதல் தடவையாக மெதுவாக இருந்தது. 

நான்கு படி. அதில் மேல் படி இரண்டும் அவர் சிமென்ட் வைத்து அவசரமாகக் கட்டியவை. பாப்பா அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. துணிகளை அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்தார். முதுகில் தூக்கட்டுமா என்று கேட்டதற்கு, "இப்ப நானும் கனம், உனக்கும் வயசாச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தா யாருண்ணே தூக்குவா?" என்றாளாம்.

வாசலுக்கு முன்னால் மட்டுமாவது சுரண்டித் தரும்படி நான் மனு எழுதிக் கொடுத்தேன். வாராவாரம் அவர் ஆபீசுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். புது இன்ஜினீயர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வரச் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மழை பிடித்தது.

அப்படி ஒரு மழையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது தண்ணீர் போக இடம் இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் எல்லா வீடும் உயரம், எல்லா வாசலிலும் சாய்தளம். தெருவில் தாழ்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மாடியிலிருந்து பார்த்தேன். தெரு முழுக்க ஓடி வந்த தண்ணீர், என் சாய்தளத்திலிருந்து வழிந்ததும் சேர்ந்து, அந்த நான்கு படியில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடினேன். படிக்குழியில் இடுப்பளவு தண்ணீர். கதவைப் பிடித்து இழுத்தேன். வெளியே திறக்கும் கதவு, வெளியே நிற்கும் தண்ணீர். அசையவே இல்லை.

"பாப்பா!"

"டீச்சர், ஒண்ணும் இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கம்பிக்கால கழட்டி வெச்சிருந்தேன், தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு. மிஷின் மேல ஏறி உக்காந்துட்டேன். நீங்க போய் யாரையாவது கூட்டிட்டு வாங்க. அண்ணனுக்குச் சொல்லாதீங்க, பயந்துடும்."

நான் போனேன். வீடு வீடாகத் தட்டினேன். ஜன்னலெல்லாம் மூடியிருந்தது, மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எல்லார் வீடும் உயரமாகக் காய்ந்து கிடந்தது, அவசரம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. தச்சர் கடப்பாரையோடு வந்து சேர கால் மணி நேரம் ஆனது. ஜன்னல் கம்பியை நெம்பி அவர் உள்ளே இறங்கியபோது மிஷின் கவிழ்ந்து கிடந்தது. பாப்பா அதன் பக்கத்தில் இருந்தாள்.

மூன்றரை அடித் தண்ணீர். எழுந்து நிற்க முடிந்தவர் யாரும் அதில் சாக மாட்டார்கள்.

ரோலர் அண்ணன் ஒரு மணிக்கு வந்தார். சட்டைப் பையில் மடித்த மனு நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். இன்ஜினீயர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஒரு வாரம் அவர் வீட்டுக்குள் தேங்கிய சேற்றை வாரிக் கொட்டினார். எட்டாம் நாள் காலையில் கடப்பாரை இடிக்கும் சத்தம் கேட்டது. வாசலுக்கு முன்னால் ரோட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் தோண்டினார். தெருவில் முணுமுணுப்புக் கிளம்பியது. வண்டி போக முடியவில்லை, நல்ல ரோட்டைப் பாழாக்குகிறார், புத்தி பேதலித்துவிட்டது. என் வீட்டுக்காரரே ஆபீசுக்கு போன் செய்தார். தண்ணீருக்கு வழி செய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். மூன்றாம் நாள் தேநீர் எடுத்துக்கொண்டு போய்க் குழியருகில் நின்றேன்.

குழியின் பக்கச் சுவரில் எங்கள் இருபத்தாறு வருடமும் வரி வரியாகத் தெரிந்தது. மேலே ஒரு சாண், கடைசி லோடு. அதற்கடியில் நாலாவது, மூன்றாவது. பாறை அடுக்குகளை இப்படித்தான் படமாக வரைந்து பாகம் குறிக்கச் சொல்வேன். எந்த அடுக்கு எந்த மனுவுக்கு வந்தது என்று என்னால் தேதியோடு சொல்ல முடியும்.

"என்ன தேடறீங்கண்ணே?"

அவர் இன்னும் கீழே குனிந்தார். கீழிருந்து இரண்டாவது அடுக்கை உளியால் பக்குவமாக நெம்பினார். தண்ணீர் ஊறி ஊறி அடுக்குகள் ஒன்றையொன்று விட்டிருந்தன. முறம் அளவுக்கு ஒரு பாளம் முழுசாகப் பெயர்ந்து வந்தது. அதைக் குழந்தையைப் புரட்டுவதைப் போல இரண்டு கையாலும் புரட்டி வைத்து, உள்ளங்கையால் மண்ணைத் துடைத்தார்.

அடிப்பக்கத்தில் மூன்று குமிழ்கள். கோட்டுப் பொத்தான் அளவுக்கு, ஒரே வரிசையாக, ஒரே இடைவெளியில். முதல் ரோட்டில் பாப்பாவின் ஊன்றுகோல் போட்ட குழிகளில் இரண்டாவது ரோட்டின் தார் இறங்கி உறைந்திருந்தது. பக்கத்திலேயே, அவள் இடது காலை இழுத்துப் போன தடமும் மெல்லிய மேடாக ஓடியது.

"தெரு முனை வரைக்கும் இருக்கும் டீச்சர்" என்றார். "போனது, திரும்பி வந்தது, எல்லாம் கீழதான் இருக்கு." குமிழ்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.  என் சாய்தளத்தில் போய் உட்கார்ந்து அழுதேன்.

பிற்பகலில் குழியை மூட ஆட்கள் வந்தார்கள். அதே மேஸ்திரி, அதே ஆட்கள், ரோலரிலும் லாரியிலும் மட்டும் புதியவர்கள். மேஸ்திரி அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றார். "மூடச் சொல்லி ஆபீஸ்ல ஆர்டர்ணே. நான் என்ன பண்ணட்டும்."

"மூடு" என்றார் ரோலர் அண்ணன். பாளத்தை எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோய், குமிழ்ப் பக்கம் மேலே இருக்கும்படி மிஷின் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தார். அவர்கள் கொட்டி, பரப்பி, உருட்டினார்கள். அவர் நின்று பார்த்தார். ஒரு இடத்தில் இன்னொரு தடவை உருட்டச் சொன்னார்.

வேலை முடிந்தது. லாரியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. லாரியின் புது ஓட்டுநருக்கு விஷயம் தெரியாது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பழக்கத்தில் கேட்டுவிட்டார். "கடைசி லோடு யார் வாசலுக்கு?"

 மேஸ்திரி மண்வெட்டியை வெறித்தார்.

"யார் வாசலுக்கும் வேணாம்ப்பா" என்றார் ரோலர் அண்ணன், பழையபடி உரக்க. "வாசல் இல்லாத எடமா பாத்துக் கொட்டு."

ஓட்டுநர் தெருவின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். லாரி பின்னாலேயே போய், முனையில் திரும்பி, கீழ்த்தெருப் பக்கம் இறங்கியது. அங்கேயும் வீடுகள் இருக்கின்றன.